பிராக்டிஸ்ல நல்லாத்தானே வந்துச்சு?

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொயரில், அதாவது பாடகர் குழுவில், யாராவது ஒருவர் இதைச் சொல்லாத கோயில் நெல்லைப் பக்கம் இருக்காது. நன்றாக வந்தது உண்மைதான், ஆனால் மைக் பிடித்த நாலு பேருக்கு. பெஞ்சில் இருந்தவர்களுக்கு வரவில்லை.

முதல் தவறு ஸ்கேலில், அதாவது பாட்டைத் தொடங்கும் சுருதியில். முன்னால் நின்று பாடுகிறவருக்கு எங்கே குரல் மின்னுகிறதோ அங்கேயே வைத்துவிடுகிறோம். பல்லவியில் தெரியாது, சரணம் மேலே ஏறும்போது சபை மெல்ல வாயை மூடிக்கொள்ளும். பாட்டின் உச்ச சுரம் எது என்று பிராக்டிஸிலேயே பாருங்கள். கீபோர்டில் நடு ‘சி’க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள ‘சி’, அதற்கடுத்த ‘டி’, அதோடு நிற்கட்டும். தாண்டினால் ஒரு கட்டை இறக்குங்கள். அதிகாலை ஆராதனைக்கு இன்னும் அரைக்கட்டை இறக்கினாலும் தப்பில்லை, தூங்கி எழுந்த தொண்டை.

பெரிய சறுக்கல் கீர்த்தனையில்தான். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் வழியில் வந்த பாட்டுகள் இவை. புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருப்பது அழகுக்கல்ல. மிஸ்ர சாபு என்றால் ஏழு எண்ணிக்கை. அதற்குக் கீபோர்டில் நாலு எண்ணிக்கை ரிதத்தை ஓடவிட்டால் இரண்டாம் வரியிலேயே பாட்டு ஒரு பக்கம், ரிதம் ஒரு பக்கம். எடுப்பும், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமும், அப்படித்தான். பல கீர்த்தனைகள் தட்டு விழுந்து சற்றுத் தள்ளியே தொடங்கும். சபையோ தட்டோடு பாய்ந்துவிடும். வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையால் தாளம் போட்டு ஒருமுறை பாடிப் பாருங்கள். தாளம் தெரிந்த பெரியவர் ஒருவராவது நம் சபைகளில் இருப்பார். பழைய ஆள் என்று அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நட்டம் நமக்குத்தான்.

பாட்டை முழுசாகத் திரும்பத் திரும்பப் பாடுவதை விட்டு, தொடக்கம், சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடம், முடிப்பு மூன்றையும் மட்டும் தேய்க்கலாம். தடுமாறுவதெல்லாம் அங்கேதான். காணிக்கைப் பை பீடத்துக்கு வந்து சேரும்போது எந்த வரியில் நிறுத்துவது என்பதையும் பேசி வையுங்கள். நற்கருணை ஞாயிறென்றால் கையில் இரண்டு பாட்டு கூடுதலாக இருக்கட்டும், அப்பமும் ரசமும் வாங்க வரும் பந்தி நீளும்.

புதுப்பாட்டு ஒரு ஞாயிற்றுக்கு ஒன்று போதும்.

பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம், மெஞ்ஞானபுரம் போல உயரமான பழைய கோயில்கள் ஆளில்லாதபோது எதிரொலிக்கும். ஜனம் நிறைந்தால் சத்தத்தை உடம்பும் துணியும் உறிஞ்சிவிடும். சனிக்கிழமை சவுண்ட் மிக்சரில் வைத்த ஒலி அளவு அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாது. முதல் பாட்டின்போது ஒருவர் கடைசி பெஞ்சில் நின்று கேட்டு, கை காட்டினால் போதும். பெரும்பாலும் அவர் காட்டப்போவது டிரம்ஸைக் குறைக்கத்தான்.

இன்னொன்று, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வாரம். முந்தின ராத்திரி கொயரில் பாதிப் பேர் காய்கறி வெட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வாரம் மட்டும் பிராக்டிஸை வியாழக்கிழமையே வைத்துவிடுங்கள்.