மூளை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் நாம் செய்யும் தவறுகள்

பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் அண்ணனை, மண்டையோட்டில் ஒரு பகுதி இல்லாமல்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீங்கும் மூளைக்கு இடம் கிடைக்க எலும்பை எடுத்துவிடுவார்கள். எடுத்ததைச் சில மருத்துவமனைகளில் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்து, வீக்கம் வடிந்து சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கத் தோலுக்கு அடியில் மூளைதான். அந்தப் பக்கமாகப் படுக்க வைக்காதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். நடக்கும்போது ஹெல்மெட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நாங்கள் கோட்டைவிட்டது சாப்பாட்டு விஷயத்தில். வந்த மூன்றாம் நாள், நாக்கு வறண்டிருக்கிறதே என்று அம்மா படுத்திருந்த அண்ணனுக்கு ஸ்பூனில் தண்ணீர் ஊட்டினார். பெரிதாக இருமல்கூட வரவில்லை. குரல் மட்டும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளத்தது. மறுநாள் காய்ச்சல், நுரையீரலில் சளி. விழுங்கும் தசை சோர்ந்திருந்தால் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் பலருக்கும் ஆபத்து. சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். முடித்ததும் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள். மூக்குக் குழாயில் கொடுத்தாலும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.

"ஒரு மாசமா வலிப்பே வரலையே, மாத்திரை எதுக்கு?" என்று பலரும் கேட்பார்கள். மாத்திரை போடுவதால்தான் வராமல் இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். எலும்பு எடுத்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108.

அசைவு வராத கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும்.

அப்புறம், பார்க்க வருகிறவர்கள். "என்னைத் தெரியுதா? என் பேர் சொல்லு பாப்போம்" என்று ஆளாளுக்குப் பரீட்சை வைப்பார்கள். நாலாவது ஆள் கேட்கும்போது அண்ணன் டம்ளரை வீசினார். அது திமிர் இல்லை. அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும், கோபத்தை அடக்கும் பகுதியும் பாதிக்கப்பட்டிருக்கலாம். வாசலிலேயே சொல்லி அனுப்புவதில் தப்பில்லை.

வழக்கத்தைவிடத் தூக்கம், வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தையலில் இருந்து தண்ணீர்போலக் கசிவு, குழிந்திருந்த இடம் புடைத்துக்கொள்வது: இதில் ஒன்றைப் பார்த்தாலும் "காலையில பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே கிளம்புங்கள்.