சேலத்தில் மென்பொருள் கம்பெனி தொடங்க வரும் வெளிநாட்டுத் தமிழருக்கு: முதல் வருடக் கணக்கை முடிக்கும் வழி

தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவர், நான் சிங்கப்பூரில் பிறந்தவன். சேலத்துக்குக் குடிவந்தபோது பேச்சோ சாப்பாடோ எனக்குப் புதிதாகப் படவில்லை. திணறியது கணக்கில்தான். ஜவ்வரிசி ஆலைகளுக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் சரக்கு, கூலி, பில் எல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை வருடச் சந்தாவுக்குக் கொடுக்கிறோம். சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இப்போது கோலாலம்பூர், கொழும்பு, டொராண்டோ என்று பல ஊர்களிலிருந்து வந்து, அஸ்தம்பட்டியிலோ ஏற்காட்டிலோ வீடு பிடித்து, இதே தொழிலில் இறங்குகிறவர்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆடிட்டர். சிங்கப்பூரில் வருமானம், சொத்து, ஆள் எண்ணிக்கை என்ற மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருந்தால் சின்னக் கம்பெனிக்குத் தணிக்கை வேண்டாம். அந்த நினைப்பை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, ஒரு ரூபாய்கூட விற்காத கம்பெனிக்கும் தணிக்கை உண்டு. பதிவான 30 நாளுக்குள் முதல் ஆடிட்டரை இயக்குநர்கள் நியமிக்க வேண்டும். உங்கள் சந்தாத் தொழிலைப் புரிந்துகொள்கிறவரா என்று பேசிப் பார்த்து நியமியுங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போகாதீர்கள்.

அடுத்தது வருடம். இங்கே பொதுவாகக் கம்பெனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். டிசம்பரில் கணக்கு முடித்துப் பழகிய மலேசியக்காரர்களுக்கு இது ஒரு வருடம் குழப்பும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கேயும் வரி ஆண்டு மார்ச்சில் முடிவதால் சிரமம் இருக்காது. ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் பதிவான கம்பெனி, முதல் கணக்கை அடுத்த வருட மார்ச் 31 வரை நீட்டிக்கொள்ளலாம். பிப்ரவரியில் பதிவு செய்துவிட்டு, ஒன்றரை மாதத்துக்குத் தனியாக ஒரு பேலன்ஸ் ஷீட் போட வேண்டியதில்லை.

இயக்குநர்களில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டுமே இயக்குநர்களாக இருந்து, இருவரும் மாற்றி மாற்றிப் பறந்துகொண்டிருந்தால் இது கை நழுவும். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து நாள் எண்ணி வையுங்கள்.

நம் ஊர் கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறது. உங்கள் கம்பெனியின் சிஐஎன் என்ற பதிவு எண்ணில் டிஎன் என்று இல்லாமல் டிஇசட் என்று இருப்பதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. தவறில்லை. சென்னைப் பதிவுக்கு டிஎன், கோயம்புத்தூர்ப் பதிவுக்கு டிஇசட். பதிவு அலுவலகத்துக்கு வெளியே பெயர்ப் பலகை வைக்கும்போது தமிழிலும் எழுதுங்கள்; அந்தந்த இடத்தின் எழுத்தில் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். தொகைகளை லட்சம், கோடிக்கு ஏற்றபடி கமா போட்டு எழுதவும் பழகுங்கள். 1,250,000 என்று நான் எழுதிக் கொடுத்ததை ஆடிட்டர் அலுவலகத்துப் பெண் ஒவ்வொரு முறையும் நின்று எண்ணிப் பார்ப்பார். 12,50,000 என்று எழுதினால் பார்த்ததும் புரிந்துவிடும்.

சந்தாப் பணம் யாருடையது?

இதுதான் நம் தொழிலின் உயிர். இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

முதல் வருடம் மார்ச் கடைசியில் எங்கள் வங்கிக் கணக்கில் நல்ல தொகை இருந்தது. லாபம் என்று நினைத்தேன். அதை நம்பி இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தேன், பெரிய இடம் வாடகைக்குப் பிடித்தேன். மே மாதம் ஒரு வாடிக்கையாளர் ஆலையை மூடிவிட்டு, பயன்படுத்தாத மாதங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கேட்டது நியாயம். என்னிடம் அந்தப் பணம் இல்லை. ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் பில் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "பில்லு போட்டுட்டா வருமானம் ஆயிடாதுங்க தம்பி. நீங்க இன்னும் வேலை செஞ்சு குடுக்காத மாசத்துக் காசு அவுங்களுதுங்க. உங்ககிட்ட இருக்குது, அவ்வளவுதான்."

ஒரே ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆலை டிசம்பர் 1ஆம் தேதி வருடச் சந்தா கட்டுகிறது. சந்தா ரூ.36,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது ரூ.6,480. வங்கிக்கு வந்தது ரூ.42,480. மார்ச் 31 வரை நீங்கள் கொடுத்த சேவை நான்கு மாதம். மாதம் ரூ.3,000 வீதம் ரூ.12,000தான் இந்த வருட வருமானம். மிச்சம் ரூ.24,000 பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கம், 'முன்கூட்டியே பெற்ற வருமானம்' என்ற தலைப்பில் உட்கார வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து மாதாமாதம் ரூ.3,000 அங்கிருந்து இறங்கி வருமானத்துக்கு வரும்.

ஜிஎஸ்டி அப்படிப் பிரியாது. பில் தேதி, பணம் வந்த தேதி, இரண்டில் எது முந்தியோ அன்றே முழு வரிக்கும் பொறுப்பு வந்துவிடும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவராக இருந்தால் ஜனவரி 20ஆம் தேதிக்குள் ரூ.6,480 முழுவதையும் கட்ட வேண்டும். ஆகவே ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனையும் லாப நஷ்டக் கணக்கில் காட்டிய வருமானமும் நம் தொழிலில் ஒருபோதும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்துக்குக் கணக்கு கேட்டு நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம். வித்தியாசத்தை விளக்கும் ஒரு பக்கப் பட்டியலை மார்ச் முடிந்ததுமே தயார் செய்து வைத்திருந்தால் போதும்.

அந்தப் பட்டியலுக்கு அடிப்படை, பில்லில் மூன்று தேதி: பில் தேதி, சேவை தொடங்கும் தேதி, முடியும் தேதி. எங்கள் முதல் வருடப் பில்களில் 'ஒரு வருடச் சந்தா' என்று மட்டுமே இருந்தது. பணம் கட்டியது ஒரு நாள், ஆலையில் மென்பொருளைத் திறந்துவிட்டது வேறொரு நாள். யாருக்கு எப்போது தொடங்கியது என்று பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடித் தேடி, நானும் மனைவியும் நான்கு இரவு உட்கார்ந்தோம். உங்கள் பில்லின் அமைப்பை இன்றைக்கே மாற்றுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

இரண்டு, மூன்று வருடச் சந்தாவைச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த 12 மாதத்துக்கு உரியது ஒரு வரிசையிலும், அதைத் தாண்டியது நீண்டகாலப் பொறுப்புகள் வரிசையிலும் போகும். ஆளை அனுப்பி மென்பொருளை நிறுவிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால் அதைப் பில்லில் தனி வரிசையாக எழுதுங்கள். அந்த வேலை முடிந்து வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டதும் அது முழு வருமானம். இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டால் பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

கார்டிலும் யுபிஐயிலும் வாங்கும் சந்தா, பேமென்ட் கேட்வே தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு ஓரிரு நாள் கழித்துத்தான் வங்கிக்கு அனுப்பும். வந்த தொகையை அப்படியே விற்பனை என்று எழுதாதீர்கள். முழுத் தொகை விற்பனை, கழித்தது செலவு, அந்தக் கட்டணத்தின் மேல் போட்ட ஜிஎஸ்டி உங்களுக்கு வரவு, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். மார்ச் 30, 31இல் வசூலாகி ஏப்ரலில் வங்கிக்கு வந்தது, மார்ச் 31 அன்று கேட்வேயிடமிருந்து வர வேண்டிய பாக்கி. சர்வர் வாடகையை வெளிநாட்டுக் கம்பெனிக்கு டாலரில் கட்டினால், ஜிஎஸ்டியை நீங்களே இங்கே கட்டிவிட்டு வரவு எடுக்க வேண்டும். இதை முதல் வருடம் விட்டுவிடாத கம்பெனியை நான் பார்த்ததில்லை.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளின் சம்பளத்தைச் செலவில் போடாமல் சொத்தாகக் காட்டினால் லாபம் அழகாகத் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். கணக்குத் தரநிலை 26 அதற்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டத்துச் செலவு எக்காரணத்தாலும் சொத்தாகாது. சின்னக் கம்பெனி செலவில் எழுதிவிடுவதே நிம்மதி என்பது என் கருத்து.

வெளிநாட்டிலிருந்து வந்த மூலதனம், வெளிநாட்டு வாடிக்கையாளர்

நீங்கள் அந்நிய முதலீடாகக் கொண்டுவந்த பணத்துக்கு 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு, பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பிறகு வருடாவருடம் ஜூலை 15க்குள் எஃப்எல்ஏ என்ற அந்நிய முதலீட்டு விவரத் தாக்கல். 'இப்போதைக்குக் கடனாக இருக்கட்டும்' என்று அங்கிருந்து அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டுக் கடனுக்கு விதிகள் முற்றிலும் வேறு.

சிங்கப்பூரில் ஏற்கெனவே கம்பெனி இருக்கிறது, அதன் பெயரிலேயே சேலத்துப் பங்குகளைப் பெரும்பான்மையாக வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு கம்பெனியின் துணைக் கம்பெனியாகிவிட்டால், எவ்வளவு சிறியதானாலும் சட்டம் உங்களைச் 'சிறு கம்பெனி' என்று ஏற்காது. வருடத்துக்கு இரண்டு இயக்குநர் கூட்டம், ரொக்க ஓட்ட அறிக்கை வேண்டாம், எம்ஜிடி-7ஏ என்ற சுருக்கமான ஆண்டு விவரப் படிவம் போன்ற சலுகைகள் போய்விடும். அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இருந்தால், தொகை எதுவானாலும் வருமான வரிக்கு ஆடிட்டரின் தனிச் சான்று வேண்டும். யோசித்து முடிவெடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்கும் சந்தாவுக்கு வரி கட்டாமல் பில் போட எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தாக்கல் செய்யுங்கள். பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றை ஒவ்வொரு பில்லோடும் கோத்து வையுங்கள். மார்ச் 31 அன்று வர வேண்டிய டாலர் பாக்கியை அன்றைய மாற்று விலைக்குத் திருத்த வேண்டும்.

மார்ச்சுக்குப் பிறகு

கணக்கு எழுதும் மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஆடிட்டர் அதைத் தன் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். எக்செல்லில் மட்டும் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அதை விட்டுவிடுங்கள். கணக்கு வெளிநாட்டு சர்வரில் இருந்தால், அதன் நகல் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். நாமே மென்பொருள் விற்பவர்களாக இருந்தும் இதைக் கவனிக்காமல் விடுகிறோம்.

நீங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தால் ஜூன் 30க்குள் அந்தக் கடன் விவரத்தைச் சொல்லும் டிபிடி-3 படிவம். ஆடிட்டருக்கு எல்லாக் காகிதமும் ஜூன் முடிவதற்குள் போய்ச் சேரட்டும். ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் ஊரே இறங்கிவிடும். செப்டம்பரில் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30க்குள் நடக்க வேண்டும். முதல் கூட்டத்துக்கு மட்டும் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் தருகிறார்கள். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்கும் ஏஓசி-4 படிவம், 60 நாளுக்குள் ஆண்டு விவரப் படிவமான எம்ஜிடி-7 அல்லது 7ஏ. தாமதித்தால் படிவத்துக்கு நாளொன்றுக்கு ரூ.100, உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் 60 நாள் விட்டுவிட்டால் ரூ.12,000. ஒன்றும் விற்காத கம்பெனிக்கும் இதே தொகைதான். வருமான வரித் தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாள் அக்டோபர் 31.

ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பதிவு அலுவலகம் சேலத்தில் இருந்தால் பொதுக்கூட்டமும் சேலத்தில்தான் நடக்க வேண்டும். காப்பித் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் நடத்த ஆசையென்றால், பங்குதாரர் எல்லாரும் முன்கூட்டியே எழுத்திலோ மின்னஞ்சலிலோ சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். போன வருடம் மேலே இருக்கும் நண்பர் ஒருவர் கையெழுத்துப் போட 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, மின்னணுக் கையெழுத்துக்கான, பென்டிரைவ் போல இருக்கும் டிஎஸ்சி டோக்கனை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டதால் திரும்ப ஏறினார். அடுத்த நாள் எடுத்து வந்து செருகினால், அது காலாவதியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. டோக்கனின் காலாவதித் தேதியை ஆகஸ்டிலேயே பார்த்துவிடுங்கள். பொதுக்கூட்டச் சம்மதக் கடிதங்களைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் அந்தந்த வருடப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.