"இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?"

12, 13 வயதுப் பிள்ளையிடம் "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "ம்ம், ஓகே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "சாப்பிடும்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமாக வரும் பெயர் சில நாட்களாகக் காணவில்லையா? அந்த நட்பில் ஏதோ விரிசல் விழுந்திருக்கலாம். காலை நேர வயிற்றுவலிக்குக்கூட சில சமயம் அதுதான் காரணம். (வலி தொடர்ந்தால் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.)

உடனே அந்த நண்பன் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். அப்புறம் பிள்ளை வாயே திறக்காது. "நீங்களே ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள்" என்று வகுப்பில் சொல்லும் அந்த ஒரு நிமிடம், தனித்துப்போன பிள்ளைக்குப் பெரிய தண்டனை. எல்லோரும் பெஞ்சை நகர்த்த, அது மட்டும் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருக்கும். பிள்ளையிடம் சொல்லிவிட்டே வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, யார் யாருக்கு ஜோடி என்பதை அவரே சொல்லிவிடும்படி கேளுங்கள். ஒத்துப்போகிற ஒரே ஒருவர் கிடைத்தாலும் போதும்.