மழைக்காலத் துணி நாற்றம்: வாசனைத் திரவம் ஊற்றாமல் போக்குவது எப்படி?

ஐப்பசி பிறந்தால் சென்னையில் பாதி வீடுகளில் ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டியாகிவிடும். துவைத்த துணிதான், பார்க்கவும் சுத்தம்தான். ஆனால் முகம் துடைக்கத் துண்டை எடுத்தால் கப்பு அடிக்கும். அதற்கென்று கடையில் விற்கிற நறுமணத் திரவங்கள் எல்லாம் குளிக்காமல் பவுடர் பூசுகிற கதைதான். எங்கள் வீட்டில் நாற்றம் போன முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன். துவைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். வெள்ளையையும் கலரையும் பிரிப்பதைப் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை.

உடம்பின் எண்ணெய்ப் பசை, அலசலில் போகாத சோப்பு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பாக்டீரியா பெருகும். நாற்றம் அதன் வேலை. ஈரத்துணி வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டறிந்தார்கள். இது துணி காய்ந்தாலும் எளிதில் சாகாது. அதனால்தான் மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டுகூட, நனைந்த உடனே மறுபடி நாறுகிறது.

முதலில், நாற்றம் எங்கே இருக்கிறது?

காய்ந்த துண்டின் ஒரு முனையை நனைத்துப் பிழிந்து முகர்ந்து பாருங்கள். நனைத்ததும் வாடை கிளம்பினால் கோளாறு துணியில். வாஷிங் மெஷின் கதவைத் திறந்ததுமே வாடை வந்தால் கோளாறு மெஷினில். பீரோவில் வைத்த பிறகுதான் வருகிறது என்றால் துணியைப் போட்டு வதைக்க வேண்டாம், பீரோவைப் பாருங்கள்.

மெஷின்

முன்பக்கக் கதவுள்ள மெஷின் என்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரித்துப் பாருங்கள். உள்மடிப்பில் முடி, நூல், கருப்பாக ஒரு கொழகொழப்பு இருக்கும்; பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடையுங்கள். சோப்பு போடும் டிராயரை வெளியே இழுத்துக் கழுவுங்கள். கீழே மூலையில் ஒரு சின்ன மூடிக்குள் வடிகட்டி இருக்கும். அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டுத் திறக்க வேண்டும், தேங்கிய தண்ணீர் கொட்டும். கடைசியாகத் துணி போடாமல், இருப்பதிலேயே அதிகமான சூட்டில் ஒரு முறை ஓடவிடுங்கள். இனிமேல் துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும், அது உள்ளே ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊறவைத்தல்: பலரும் கவிழும் இடம்

இதற்கு என் தேர்வு சோடியம் பெர்கார்பனேட். ஆன்லைனில் ‘ஆக்சிஜன் ப்ளீச்’ என்று தேடினால் கிடைக்கும். ஆப்ப சோடா இந்த அளவுக்கு வேலை செய்யாது. வினிகரும் எனக்குப் பிடித்ததில்லை. அடிக்கடி ஊற்றினால் மெஷினின் ரப்பருக்கும் நல்லதல்ல.

பெர்கார்பனேட் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில் கரைத்திருப்பார்கள். இந்தப் பொடி தண்ணீரில் கரைந்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது. 40 டிகிரிக்குக் கீழே அது மந்தம். 60 டிகிரி பக்கம் போனால்தான் முழு வேகம். கீசர் தண்ணீர் பக்கெட்டுக்கு வந்து சேர்வதற்குள் சூடு இறங்கிவிடும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: சென்னைக் குழாய்த் தண்ணீர் சுமார் 30 டிகிரி, கொதிக்கும் தண்ணீர் 100. சம அளவு கலந்தால் 65. பக்கெட் உறிஞ்சியது போக 60 நிற்கும். குழாய்த் தண்ணீரை முதலில் ஊற்றி, கொதிநீரைப் பிறகு சேருங்கள்.

10 லிட்டருக்கு 4 மேசைக்கரண்டி பொடி. கையுறை போட்டுக் கரைத்து, பருத்தித் துண்டு, பெட்ஷீட், பனியன்களை முழுக்க மூழ்கடியுங்கள். 2 மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் தண்ணீர் ஆறி, புது நாற்றம் பிடிக்கும். சாயம் போகுமா என்று உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பட்டு, கம்பளி பக்கம் இதைக் கொண்டே போகாதீர்கள். கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தும் வைக்கக் கூடாது; வாயு கிளம்பி பாட்டில் வெடிக்கும்.

துவைப்பும் அலசலும்

ஊறிய துணியை வழக்கம்போலத் துவையுங்கள், சோப்பை மட்டும் குறையுங்கள். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கைதான் இந்த நாற்றத்துக்குப் பாதிக் காரணம். போர் தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் உப்பு அதிகம் இருக்கும். அங்கே சோப்பைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு கரண்டி சலவை சோடா சேருங்கள். அலசல் போதுமா என்று பார்க்க, அலசிய துண்டை ஒரு மக் சுத்தமான தண்ணீரில் கசக்குங்கள். தண்ணீர் கலங்கினாலோ நுரைத்தாலோ இன்னொரு அலசல் வேண்டும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனரை நான் நிறுத்தியே விட்டேன். அது துண்டின் மேல் படிந்து, தண்ணீர் உறிஞ்சுவதையே குறைத்துவிடுகிறது.

உலர்த்துவது

மெஷின் நின்றதும் துணியை எடுத்துவிட வேண்டும். ‘சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம்’ என்பது மழைக்காலத்தில் செல்லாது. எடுப்பதற்கு முன் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டினால் கணிசமான ஈரம் போய்விடும். கொடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடாமல் கை நுழையும் இடைவெளி விடுங்கள். ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, இடுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். பாக்கெட்தான் கடைசியாகக் காயும் இடம்.

ஏசி இருக்கும் அறை என்றால் கதவு, ஜன்னலை மூடி ட்ரை மோடில் ஓடவிடுங்கள், ஈரம் தண்ணீராக வெளியே போகும். ஏசி இல்லையென்றால் இதற்கு நேர் எதிர்: ஜன்னலைத் திறந்து ஃபேன் போட வேண்டும். மூடிய அறையில் ஃபேன் மட்டும் சுற்றினால் ஈரம் அங்கேயேதான் இருக்கும்.

தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து வரும் துணியையும் கவனியுங்கள். தண்ணீர் தெளித்துத் தேய்த்துச் சூடாகவே அடுக்கிக் கட்டியிருப்பார்கள். மூட்டையை அவிழ்த்து ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் பரப்பி, அப்புறம் உள்ளே வையுங்கள்.

பீரோவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் ஊறும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்துருண்டைக்குப் பதில் வெட்டிவேர் என் விருப்பம். ரத்தத்தில் ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டதில் சில.

பள்ளிச் சீருடை, விளையாட்டு பனியன் போன்ற பாலியஸ்டர் துணிகளுக்கு 60 டிகிரி வேண்டாம். 40 டிகிரியில், என்சைம் உள்ள டிடர்ஜென்ட் கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெய்ப் பசையைப் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு தடவை தேவைப்படலாம்.

வெள்ளை வேட்டியில் விழுந்த கரும்புள்ளி பூஞ்சை. நாற்றம் போனாலும் புள்ளி போகாது. பருத்தி வேட்டிக்கு, ஜரிகைக் கரையில் படாமல், குளோரின் ப்ளீச்சை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம். அதோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

எல்லாம் செய்தும் போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் தண்ணீரே நாறியிருக்கிறது. ஒரு பாட்டிலில் பாதி அளவு குழாய்த் தண்ணீர் பிடித்து, மூடிக் குலுக்கி, திறந்து முகருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் முதல் வேலை சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவுவது. கழுவிய பிறகும் வாடை இருந்தால் கழிவுநீர் எங்காவது கலக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.