பழைய கை என்கிரேவிங் மெஷினை வீட்டுப் பட்டறையில் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேண்டோகிராஃப் மெஷினில் எழுத்து கோணலாக விழுந்தால், பழி முதலில் கையின் மேல்தான் விழுகிறது. பெரிய அச்செழுத்தின் பள்ளத்தில் ட்ரேசர் என்ற முனையை நகர்த்தினால், மூட்டுகளால் இணைந்த கைகள் அந்த அசைவைச் சுருக்கி, கட்டரால் தகட்டில் சிறிதாக வெட்டும். அதனால் நம் கையின் பிழையைச் சுருக்கித் தருவதுதான் இந்த மெஷினின் வேலையே. 4:1 விகிதத்தில் ட்ரேசர் முனை 0.4 மி.மீ. விலகினாலும் தகட்டில் 0.1 மி.மீ.தான் தெரியும். அதனால் எழுத்து கெட்டால் மூட்டுகளையும் விகித அமைப்பையும் கட்டரின் நுனியையும் பாருங்கள். நியூ ஹெர்மஸ், டெய்லர் ஹாப்சன், டெக்கல் என மெஷின் எதுவானாலும் இந்த வரிசை மாறாது.

ஸ்விட்ச் போடும் முன்

மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். 110 அல்லது 120 வோல்ட் மோட்டாரை 230 வோல்ட்டில் மாட்டினால் சுருள் எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். ரப்பர் உறை வெடித்த ஒயரை டேப் சுற்றிச் சமாளிக்காமல் முழுவதும் மாற்றிவிடுங்கள். மெஷின் உடம்புக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

பெல்ட் இறுகிக் காய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். உருக்கி ஒட்டும் உருண்டை பெல்ட் போடுகிறீர்கள் என்றால், ஒட்டிய இடத்தில் நிற்கும் புடைப்பை பிளேடால் மழமழவென்று சீவிவிடுங்கள். இல்லையென்றால் அது புல்லியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் அதிரும். கோட்டின் ஓரத்தில் அலை அலையாகப் பதியும்.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தல்

ட்ரேசரை ஒரு எழுத்தின் பள்ளத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்பிண்டில் தலையை லேசாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால், ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருப்பது சிறு எழுத்துக்கும் போதும். 0.1 மி.மீ. தாண்டினால் 'ட' போன்ற நேர்கோட்டு எழுத்துகூட மூலையில் பிசகும்.

ஆட்டம் என்றதும் ஸ்க்ரூவை முறுக்கப் போகாதீர்கள். பல மெஷின்களில் காய்ந்து கோந்தாகிப்போன பழைய கிரீஸ்தான் தொல்லை. மூட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பிறகு சோதியுங்கள். அப்போதும் ஆட்டம் இருந்தால், ஆட்டம் மறையும் இடம் வரை மட்டும் இறுக்குங்கள். ஒரு விரலால் தள்ளினால் மெஷினின் கை தடையில்லாமல் நகர வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங்கில் குழி விழும். விழுந்த குழியைச் சரிசெய்ய வழியில்லை.

விகிதம்

பெரும்பாலான மெஷின்களில் விகித எண்ணை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். ஒன்றை 4-லும் மற்றதை 4.5-லும் விட்டால் அகலமும் உயரமும் ஒத்துப்போகாது, எழுத்து இழுபட்டுவிடும்.

கோடு போட்ட அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள். 40 மி.மீ. சதுர அச்சை 4:1-இல் ஒரு வீண் தகட்டில் வரைந்து பாருங்கள். பக்கம் 10 மி.மீ., இரண்டு மூலைவிட்டங்களும் 14.14 மி.மீ. வர வேண்டும். மூலைவிட்டங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டால் விகித அமைப்பு தவறு. சதுரம் சரியாக வந்து வரி மட்டும் சாய்ந்தால், அச்சு வைக்கும் தட்டும் தகட்டைப் பிடிக்கும் வைஸும் இணையாக இல்லை என்று அர்த்தம்.

கட்டர் நுனி

முதலில் தண்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதிகம் புழங்குபவை 1/8, 11/64, 1/4 அங்குலம், அதாவது 3.18, 4.37, 6.35 மி.மீ. கிட்டத்தட்டப் பொருந்தும் கட்டரை, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டில் திணிக்கக் கூடாது.

சுழலும் கட்டர் பாதி வெட்டிய கூம்பு போல இருக்கும். தட்டையான முகம் சரியாக விட்டத்தின் பாதியில் நிற்க வேண்டும். பாதிக்கு மேல் உலோகம் மிஞ்சியிருந்தால் நுனி வெட்டாமல் தேய்க்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (சிறு பூதக்கண்ணாடி) வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள்: வெட்டும் விளிம்பில் வெள்ளைப் புள்ளி மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது. நல்ல கூரான விளிம்பு ஒளியைத் திருப்பித் தராது. பித்தளையில் கோட்டின் இரு ஓரமும் பிசிறு எழும்பினால் கட்டர் சாணை கேட்கிறது. சாணை மெஷின் இல்லாதவர்கள் கையால் தீட்ட முயல வேண்டாம். கோணம் நிச்சயம் மாறிவிடும். தயாராகக் கிடைக்கும் கார்பைடு கட்டரே மேல்.

கோட்டின் அகலத்தை ஆழமும் தீர்மானிக்கிறது. 60 டிகிரி கூம்பு 0.1 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோடு 0.115 மி.மீ. கூடுதல் அகலமாகும், 90 டிகிரி கூம்பில் 0.2 மி.மீ. ஒரே வரியில் முதல் எழுத்து தடித்தும் கடைசி எழுத்து மெலிந்தும் வருவதற்கு இதுதான் காரணம்: தகடு மட்டமாக இல்லை. டெப்த் நோஸ் (ஆழத்தைக் கட்டுப்படுத்த கட்டரைச் சுற்றி நிற்கும் மூக்கு) உள்ள மெஷினில் அதைத் தகட்டின் மேல் தொட்டு ஓடவிட்டால், வளைந்த தகட்டிலும் ஆழம் சீராக இருக்கும். நோஸின் அடியில் ஒரு சீவல் ஒட்டியிருந்தாலும் தகட்டில் கீறல் விழும். ஒவ்வொரு வரிக்கும் துடையுங்கள்.

இரு நிற பிளாஸ்டிக்கில் மேல்தோல் விலகி அடி நிறம் தெளிவாகத் தெரிந்தால் போதும், 0.2 மி.மீ. பெரும்பாலும் சரியாக வரும். கைவேகம் குறைந்தால் பிளாஸ்டிக் உருகிக் கட்டரைச் சுற்றிக்கொள்ளும். நுனி சிறிதாக இருப்பதால் வேகமான சுழற்சி அவசியம்: 0.5 மி.மீ. நுனி நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினாலும் வெட்டுவேகம் நிமிடத்துக்கு 31 மீட்டர்தான். பித்தளையை உலர்வாகவே வெட்டலாம். அலுமினியத்துக்கு ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டால் உலோகம் நுனியில் ஒட்டாது. பிரஷ் பொறி பறக்கும் மோட்டாரிலிருந்து மண்ணெண்ணெயைத் தள்ளியே வையுங்கள்.

வைர முனை வேறு வகை. மோட்டார் வேண்டாம், பெல்ட்டைக் கழற்றிவிடலாம். ஸ்பிரிங் அழுத்தத்தில் இழுத்துக் கீறும். பாலிஷ் செய்த பித்தளையில் மெல்லிய பளிச்சென்ற கோடு வேண்டுமானால் இதுதான். ஆழமாக வெட்டிப் பெயிண்ட் நிரப்ப இது உதவாது.

வெட்டும் முறை

எழுத்துகளை அடுக்கியதும் வரியின் மொத்த நீளத்தை அளந்து விகிதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 168 மி.மீ. வரி 4:1-இல் 42 மி.மீ.; 60 மி.மீ. தகட்டில் இரு பக்கமும் 9 மி.மீ. இடம் விட வேண்டும்.

ட்ரேசரை முதலில் பள்ளத்தில் வையுங்கள், பிறகு கட்டரை இறக்குங்கள். முடிக்கும்போது கட்டரை முதலில் தூக்குங்கள், பிறகு ட்ரேசரை. இந்த வரிசையை மாற்றினால் எழுத்தின் வாலில் ஒரு கீறல் நிச்சயம். உலோகத்தில் முதல் ஓட்டம் பாதி ஆழத்துக்குப் போதும். இரண்டாவது ஓட்டம் ஓரத்தையும் துடைத்துக் கொடுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் சுற்றும்போது கையுறை வேண்டாம், சுழற்சியில் சிக்கிக்கொள்ளும்.

மெஷினோடு வரும் பித்தளை அச்சுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள்தான். தமிழுக்கு 3 மி.மீ. அக்ரிலிக்கில் 40 மி.மீ. உயரத்தில் எழுத்துப் பள்ளங்களை லேசரில் வெட்டிக்கொள்ளலாம். பள்ளத்தின் அகலம் ட்ரேசர் முனைக்குச் சரியாக இருக்கட்டும், தளர்வு வேண்டாம். 'ண', 'ஐ' போன்ற சுழி எழுத்துகளை 5 மி.மீ.க்குக் கீழே வெட்டும்போது, கோட்டின் அகலம் எழுத்து உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சுழி அடைந்துவிடும். நுனி மெலிந்த கட்டரை அந்த எழுத்துகளுக்கென்றே தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பித்தளையில் நிறம் நிரப்ப எனாமல் பெயிண்டைப் பள்ளத்தில் தடவி, மேலே லேசாகத் தோல் கட்டும் வரை விடுங்கள். டர்பெண்டைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை ஒரு கெட்டி அட்டையில் இறுகச் சுற்றி, வரிக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் துடையுங்கள். விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் பள்ளத்துக்குள் இருக்கும் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும்.