வாரம் பத்து நிமிடம்: நாயைத் தலைமுதல் வால்வரை தொட்டுப் பார்ப்பது எப்படி?

நாய்க்கு உடம்பு சரியில்லை என்பது பெரும்பாலும் நமக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. வலியை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தால் மறுபக்கமாக மென்று தட்டைக் காலி செய்துவிடும். மூட்டு வலித்தாலும் பந்தைக் கண்டால் ஓடும். நாமும் "நன்றாகத்தானே சாப்பிடுகிறது" என்று இருந்துவிடுகிறோம்.

எங்கள் மணிக்கு ஏழு வயது இருக்கும்போது தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகத் தொடங்கியது. வெயில் என்று நினைத்து நான்தான் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அவள் சாப்பாட்டைத் தொடவில்லை, நடையும் தள்ளாடியது. கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவம் வந்துபோன சில வாரங்களில் வரக்கூடிய, உயிருக்கே ஆபத்தான நோய் அது. அதிகத் தாகம் அதன் அறிகுறிகளில் ஒன்று. அன்றே அறுவை சிகிச்சை நடந்து பிழைத்துக்கொண்டாள். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பழக்கம். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கி, தலைமுதல் வால்வரை தடவிப் பார்ப்பது. இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நாய்க்கு எது வழக்கம் என்று கண்ணுக்கும் கைக்கும் பழகிவிட்டால், வழக்கம் மாறும்போது தெரிந்துவிடும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தொடுவதற்குப் பழக்குங்கள்

முதல் நாளே வாயைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள். நடைக்குப் போய்வந்து அது களைத்துப் படுத்திருக்கும் நேரமாகப் பாருங்கள். காதை இரண்டு நொடி தொடுங்கள், ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். பாதத்தைத் தொடுங்கள், இன்னொரு துண்டு. உதட்டை லேசாகத் தூக்குங்கள், மறுபடி ஒரு துண்டு. முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் திடீரென்று கை வைக்க வேண்டாம்.

குட்டியாக இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம்வரை எதைச் சந்தித்தாலும் அதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளும் பருவம். அப்போது பாதம், காது, வாய் எல்லாம் தொட்டுப் பழகிய குட்டி பின்னாளில் மருத்துவர் மேசையிலும் அமைதியாக நிற்கும். வளர்ந்த நாயும் பழகும், கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

படி 2: தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

இதற்குத் தொடவே வேண்டாம். நாய் நன்றாகத் தூங்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் சேர்ந்தால் ஒரு மூச்சு. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருந்தால் சரி. கனவு கண்டு கால் துடிக்கும் நேரத்தில் எண்ண வேண்டாம், அப்போது மூச்சு தாறுமாறாக இருக்கும்.

மூன்று நாள் எண்ணினால் உங்கள் நாய்க்கான எண் கிடைத்துவிடும். நோட்டில் எழுதிவையுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் திரும்பத் திரும்ப 30ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேசுங்கள். இதயக் கோளாறும் நுரையீரல் கோளாறும் இருமலுக்கு முன்பே இந்த எண்ணில் தெரிந்துவிடுவது உண்டு. வயதான நாய் வைத்திருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பேன்.

படி 3: முகமும் வாயும்

கண் தெளிவாக இருக்கிறதா, இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்று பலர் பயப்படுகிறார்கள். தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு உலர்ந்துதான் இருக்கும். மூக்கை வைத்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது.

ஈறுதான் முக்கியம். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் மேலுதட்டை மெல்லத் தூக்குங்கள். கோரைப்பல்லுக்கு மேலே ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக, வழுவழுப்பாக இருக்கும். அங்கே விரலால் ஒருமுறை அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதைவிட நேரம் எடுத்தால் இரத்த ஓட்டத்தில் ஏதோ குறை. ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தால் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். தொட்டால் ஒட்டும்படி உலர்ந்திருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள்.

உதட்டைத் தூக்கியிருக்கும்போதே பின்பக்க மேல்பற்களையும் பார்த்துவிடுங்கள். பழுப்புக் காரை முதலில் படிவது அங்கேதான். வாய் நாற்றம் "நாய் என்றால் அப்படித்தான்" என்று விடுகிற விஷயமில்லை, ஈறு நோயாக இருக்கலாம். தினமும் பல் துலக்கிவிடுவது நல்லது, ஆனால் நாம் துலக்கும் பற்பசை கூடவே கூடாது. நாய்களுக்கென்றே செய்த பசை இருக்கிறது.

படி 4: காது

முகர்ந்து பாருங்கள், அதுவே பாதிச் சோதனை. நல்ல காதில் வாடை பெரிதாக இருக்காது. புளித்த வாடை, பழுப்பு அழுக்கு, ஓயாமல் தலையை உதறுவது என்றால் உள்ளே தொற்று இருக்கலாம். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடாதீர்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கமாக வளைகிறது, குச்சி அழுக்கை அந்த வளைவுக்குத்தான் தள்ளும்.

படி 5: உடம்பைத் தடவி, தட்டை அளந்து

இரண்டு கையையும் கழுத்திலிருந்து வால்வரை ஒரே சீராக ஓட்டுங்கள். கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் எந்த இடம், எந்த அளவு என்று தேதியோடு எழுதுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் அடுத்த மாதம் ஒப்பிடலாம். புதுக் கட்டி எதுவானாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கொழுப்புக் கட்டியா வேறா என்று விரலால் சொல்லிவிட முடியாது.

இப்போது விலா. அதற்கு முன் உங்கள் இடது கையை முஷ்டியாக மடக்கி, வலது விரலால் முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படித் துருத்தினால் நாய் மெலிவு. கையை விரித்து உள்ளங்கையின் சதையைத் தடவுங்கள். விலா அப்படிப் புதைந்திருந்தால் பருமன். விரித்த கையின் புறப்பக்கத்தைத் தடவும்போது எலும்பு மெல்லிய தோலுக்கடியில் சுலபமாகத் தட்டுப்படும் பாருங்கள், அதுதான் சரியான உடம்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியும், பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேறியும் இருக்க வேண்டும்.

எடை பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

உணவைக் கண்ணளவில் போடுவதுதான் பெரும்பாலான பருமனுக்குக் காரணம். சமையல் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தொடக்கம் மட்டுமே, உங்கள் விரலில் தட்டுப்படும் விலாவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். கருத்தடைக்குப் பிறகு உணவுத் தேவை குறையும். தின்பண்டங்கள் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் அது எப்போதோ தாண்டியிருக்கும். குட்டிகளுக்கு முதல் சில மாதம் நாளைக்கு மூன்று, நான்கு வேளையும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு வேளையும் சரியாக இருக்கும்.

உணவு வகையை மாற்றுவதென்றால் ஒரே நாளில் மாற்றாதீர்கள், வயிறு போகும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்து பாதி, அடுத்து முக்கால், ஒரு வாரத்தில் முழுவதும்.

கொடுக்கவே கூடாதவற்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும், கறுப்புச் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் சமைத்தாலும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வேகவைத்த எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும். இதில் எதையாவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று பார்க்காமல் உடனே தொலைபேசியை எடுங்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம்.

படி 6: பாதமும் உண்ணியும்

விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். உண்ணிக்கு அங்கேயும், காது மடிப்பிலும், கழுத்துப்பட்டைக்கு அடியிலும், அக்குளிலும் இருக்கத்தான் பிடிக்கும். கைக்குச் சின்ன மருபோலத் தெரியும். முடியை விலக்கினால், தோலில் தலையைப் புதைத்து, சாம்பல் நிறத்தில் உப்பிய உடம்பு, ஓரத்தில் குட்டிக் கால்கள். மருவுக்குக் கால் இருக்காது.

எடுப்பதற்குக் கூர்மையான சாமணம் வேண்டும். உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடியுங்கள். நசுக்காமல், முறுக்காமல், ஒரே சீராக நேர்மேலே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்பைக் காட்டுவது எல்லாம் வேண்டாம். உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடக்கூடும். எடுத்த பிறகு கடிவாயைக் கிருமிநாசினியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேதியையும் எழுதுங்கள். அடுத்த சில வாரத்தில் சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு என்று வந்தால் அந்தத் தேதி மருத்துவருக்கு உதவும்.

நடக்கும்போது தரையில் நகம் டிக் டிக் என்று கேட்டால் வெட்டும் காலம் வந்துவிட்டது.

படி 7: பின்பக்கமும் கிண்ணமும்

பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்தால் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம். மலம் கெட்டியாக உருவாகி வருகிறதா என்று தினமும் அள்ளும்போதே தெரிந்துவிடும். தண்ணீரை மட்டும் மாதத்தில் ஒரு நாள் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி என்பது பொதுவான கணக்கு. உலர் உணவு தின்னும் நாய் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், வெயில் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

படி 8: அது சொல்வதைக் கேளுங்கள்

தொட்டுக்கொண்டிருக்கும்போதே நாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும், உடம்பை விறைக்கும். கையை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம். உறுமினால் அதட்டாதீர்கள், அது நாகரிகமான எச்சரிக்கை. அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் பதியும்.

இத்தனை நாள் அமைதியாக இருந்த நாய் முதுகைத் தொட்டதும் சீறினால், படியேறத் தயங்கினால், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால், சேட்டை என்று எடுத்த எடுப்பில் நினைக்காதீர்கள். முதலில் வலியோ நோயோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பயிற்சியைப் பற்றி யோசியுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், வயிறு உப்பிக்கொண்டே போனால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு அதிகம் வரும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சிறுநீர் கழிக்க முக்கியும் வரவில்லை, வலிப்பு, மூச்சுத்திணறல், தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் என்றால் இரவானாலும் புறப்படுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம் உடம்பைவிடக் கொஞ்சம் சூடுதான். தொட்டால் சுடுகிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை நஞ்சாகிவிடும்.

போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எடை, மூச்சு எண்ணிக்கை, தண்ணீர் அளவு, கட்டி தெரிந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் உங்கள் கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் இன்றைக்கே எழுதிவையுங்கள்.