பிள்ளைக்கு 995 சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து வயதுப் பிள்ளையிடம் "ஆபத்துன்னா எந்த நம்பர்?" என்று கேளுங்கள். "நைன் நைன் ஃபைவ்!" என்று கணீரென்று சொல்லும். பூட்டிய போனைக் கையில் கொடுத்து "சரி, கூப்பிடு பார்க்கலாம்" என்றால் திருதிருவென விழிக்கும். சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995, போலீசுக்கு 999 என்பதைப் பாலர் பள்ளியிலேயே கற்றுவிடுகிறார்கள். பெற்றோர் சறுக்கும் இடங்கள் வேறு.

"முதல்ல அம்மாவுக்குப் போன் பண்ணு"

எத்தனை முறை சொன்னாலும் குடும்பங்கள் விடாத பழக்கம் இது. அதிகம் எரிச்சலூட்டுவதும் இதுதான். பிற்பகலில் வீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளையும் மட்டும். பாட்டி சமையலறையில் விழுந்துவிடுகிறார். சொல்லிவைத்தபடி பிள்ளை அம்மாவைக் கூப்பிடுகிறது. அம்மா ஜூரோங்கில் மீட்டிங்கில் இருக்கிறார், போன் சைலண்டில். மூன்றாம் முறை எடுத்து, பதறியடித்து அவர் 995-ஐ அழைக்கிறார். எங்கே? நினைவு இருக்கிறதா? மூச்சு வருகிறதா? ஜூரோங்கில் இருப்பவரிடம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் உண்டு.

இதயம் நின்றுவிட்டால், சிபிஆரும் (நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவி) ஏஇடி கருவியும் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தருவது) கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கும். 995-இல் பேசுபவர் வண்டி அனுப்புவதோடு நிற்பதில்லை. அடுத்து என்ன செய்வது என்று பக்கத்தில் இருப்பவருக்குப் போனிலேயே சொல்லித்தருவார். இதயம் நின்றிருக்கலாம் என்று தெரிந்தால் மைரெஸ்பாண்டர் செயலி வழியாக அருகிலுள்ள தொண்டூழியர்களுக்கும் தகவல் போகும். அம்மாவின் மிஸ்டு காலில் இதில் எதுவும் தொடங்காது.

பழக்க வேண்டிய வரிசை: தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடு. எழவில்லையென்றால் 995. ஸ்பீக்கரில் போடு. அவர்கள் "வைக்கலாம்" என்று சொல்லும்வரை வைக்காதே. நடுவில் அம்மா கூப்பிட்டாலும் எடுக்காதே. அம்மாவிடம் பேசுவது அதற்கப்புறம்தான்.

இன்னொன்று. மயங்கிக் கிடப்பவரைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் "பாட்டி தூங்குறாங்க" என்பார்கள். கேட்பவருக்கு அது அவசரமாகவே படாது. "எழுப்பினேன், எழுந்திரிக்கல" என்று சொல்லப் பழக்குங்கள். பள்ளியில் ஆங்கிலம் பேசிப் பழகிய பிள்ளையென்றால் அதையே ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

பேட்டையின் பெயர் முகவரி ஆகாது

"அங் மோ கியோ" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது. புளோக் எண், தெரு, மாடி, வீட்டு எண் நான்கும் வேண்டும். தெருப் பெயரோடு வரும் அவென்யூ எண்ணைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், அதைத் தனியே கேட்டுப் பாருங்கள். அஞ்சல் குறியீட்டின் ஆறு எண்களை மனப்பாடம் செய்வது பயமுறுத்தும் அளவுக்குக் கடினமில்லை. பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் கடைசி மூன்றும் புளோக் எண்ணேதான். பிள்ளை பகலில் பாட்டி வீட்டில் இருந்தால் பாட்டி வீட்டு முகவரிதான் முதலில். பெரிய எழுத்தில் எழுதி, குளிர்பதனப்பெட்டிக் கதவில் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். நம் கண்மட்டத்தில் ஒட்டுபவர்களே அதிகம்.

பொம்மைப் போனில் ஒத்திகை

பொம்மைப் போனுக்குப் பூட்டுத்திரை கிடையாது. ஒத்திகை பாட்டியின் போனிலேயே நடக்கட்டும்: திரையை மேலே தள்ளி, 'அவசர அழைப்பு' பொத்தானைத் தொட்டு, 9, 9, 5 அழுத்தி, பச்சைப் பொத்தானுக்கு முன் நிறுத்த வேண்டும். கடவுச்சொல் தேவையில்லை என்பது பல பெரியவர்களுக்கே தெரியாது. ஏர்பிளேன் மோடை நம்பாதீர்கள், பல போன்களில் அவசர அழைப்பு அதையும் மீறிப் போய்விடும். தவறிப்போய் அழைத்துவிட்டால் துண்டிக்காமல், ஒத்திகையில் தவறி நடந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசிப் பழகிய பிள்ளை அதற்குள்ளேயே 995-ஐத் தேடும். அதில் போகாது என்பதையும் காட்டிவிடுங்கள். போன் மாற்றினால் ஒத்திகையும் மறுபடி முதலிலிருந்து.

இரும்புக் கதவின் சாவி

மருத்துவ உதவியாளர்கள் வந்து நிற்பார்கள். சாவி எட்டாத உயரத்தில் தொங்கும். போதாததற்கு "யாருக்கும் கதவைத் திறக்காதே" என்று நாமே பழக்கியும் வைத்திருப்போம். 995-ஐ அழைத்த பிறகு சீருடையில் வருபவர்களுக்குத் திறக்கலாம் என்ற விலக்கைச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். தவழும் குழந்தை இல்லாத வீடென்றால் சாவிக் கொக்கியைக் கீழே இறக்குங்கள். மின்னணுப் பூட்டு என்றால் உள்ளிருந்து திறக்கும் பொத்தானைப் பிள்ளையே அழுத்திப் பார்க்கட்டும்.

தீ என்றால்

முதலில் வெளியே, மாடிப்படி வழியாக. போன் அப்புறம். கட்டிலுக்கடியில் ஒளியக்கூடாது.

யூடியூப் கார்ட்டூனின் 911

அது அமெரிக்க எண். ஒரு முறை திருத்தினால் போதும்.

"சாப்பிடலைன்னா போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடும்"

நிறுத்துங்கள். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மறுமுனையில் கறாரான குரல் கேட்டதும் போனை வைத்துவிடும்.